எங்கள் நகருக்குக் கோடி எங்கே?

2021 நவம்பர். மழை பிடித்து எத்தனையாவது நாள் என்பதே மறந்துபோயிருந்தது. ராத்திரி இரண்டு மணி இருக்கும், பாத்ரூமில் யாரோ வாய் கொப்புளிக்கிற மாதிரி சத்தம். எழுந்துபோய் லைட்டைப் போட்டால் தரையில் இருக்கிற ஜாலி வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருக்கிறது. வாசல் கேட்டுக்கு வெளியே இன்னும் ஒரு படி மிச்சம் இருந்தது, தெருவில் ஓடிய மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரவே இல்லை. எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது எங்கள் வீட்டிலிருந்து நாங்களே அனுப்பிய தண்ணீர். குளியலறைக் குழாயைத் தெருக் கால்வாயில் இறக்கிவிட்டிருந்தோம், தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்திருந்தார்கள். கால்வாய் நிரம்பியதும் அதே குழாய் வழியாக எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

விடிவதற்குள் ஹாலில் கணுக்கால் அளவு. அரிசி மூட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தோம், மகளுடைய புத்தகப் பை நனைந்துவிட்டது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்களை மனைவி ஒவ்வொன்றாக விரித்துத் துணிக்கயிற்றில் போட்டாள். மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது சுவரில் ஒரு கோடு இருந்தது. பெயின்ட் அடித்த பிறகும் ஈரமான நாட்களில் அந்தக் கோடு லேசாகத் தெரிகிறது.

எங்கள் வீடு சத்துவாச்சாரிப் பக்கம், மலை அடிவாரத்துக்கும் ஹைவேக்கும் நடுவில். வேலூரைத் தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புரியும். தெற்கே மலை, வடக்கே பாலாறு, நடுவில் ஊர், ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை. மலையில் விழுகிற மழை பாலாற்றுக்குப் போயாக வேண்டும், போகிற வழியில் நாங்கள் இருக்கிறோம். இதில் மழைமீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நாங்கள் வருவதற்கு முன்பே அது அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்ததும் தெருக்காரர்கள் நாலு பேர் காசு போட்டு ஒரு மேஸ்திரியை அழைத்துவந்தோம். கால்வாயை மூடியிருந்த சிலாப்பைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கியபோது உள்ளே இருந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. இரண்டடி ஆழக் கால்வாயில் ஒன்றேகால் அடிக்கு மண். மேலே பால் பாக்கெட்டும் ஷாம்பு பாக்கெட்டும், அதற்குக் கீழே மலையிலிருந்து வந்த சிவப்பு மணல், அதற்கும் கீழே கல் மாதிரி இறுகிப்போன வெள்ளை அடுக்கு ஒன்று. யார் வீட்டிலோ மார்பிள் பாலிஷ் போட்டபோது கழுவிவிட்ட பால் மாதிரியான தண்ணீர் அது, கால்வாய்க்குள் போய் சிமென்ட்டாகவே ஆகிவிட்டது. உளி வைத்துத்தான் உடைத்தார்கள்.

மேஸ்திரி மண்ணைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்தவில்லை. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை என் வீட்டு எதிரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இன்னொரு முனையைத் தெருக் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, அடியில் இருக்கிற கான்கிரீட் வரைக்கும் டேப்பால் அளந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"மண்ணு மட்டும் இல்ல சார். வாட்டமே இல்ல. பாருங்க, அந்தாண்ட ரெண்டு இன்ச் தூக்கினு இருக்குது. தண்ணி எப்டி மேல ஏறிப் போவும்?"

வாட்டம். கட்டட வேலையில் சரிவுக்கு இதுதான் பெயர். மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கும்போது, பாத்ரூம் தரை போடும்போது எல்லாம் காதில் விழுகிற சொல்தான், அன்றைக்குத்தான் அதன் கனம் எனக்குப் புரிந்தது. அறுநூறு அடித் தெருவில் ஐநூற்று நாற்பது அடி சரியாகச் சரிந்து வந்த கால்வாய், கடைசி அறுபது அடியில் மேல்நோக்கிப் போகிறது. அந்த இடத்தில் குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய் இருந்திருக்கிறது. குழாயை இறக்கிப் போடவோ கால்வாயை அதற்குக் கீழே கொண்டுபோகவோ மெனக்கெடாமல், வேலை எடுத்தவர் குழாய்க்கு மேலேயே தளம் போட்டு முடித்துவிட்டார். மேலே சிலாப் மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? பில் பாஸானது, நாங்களும் புது சிலாப்பின் மேல் வண்டி நிறுத்திக்கொண்டு சந்தோஷமாக இருந்தோம்.

இரண்டு அங்குலம் என்ன பெரிதா என்று கேட்கலாம், நானும் அன்றைக்குக் கேட்டேன். மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓட்டத்தை இழந்து நிற்கும். ஓடுகிற தண்ணீர் மணலைத் தூக்கிக்கொண்டு போகும், நிற்கிற தண்ணீர் அதைக் கீழே போட்டுவிடும். வினாடிக்கு இரண்டடி வேகமாவது இருந்தால்தான் கால்வாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கிற கணக்கு. வேகம் குறைந்தால் மண் படியும், மண் படிந்தால் மேடு இன்னும் உயரும், மேடு உயர்ந்தால் வேகம் இன்னும் குறையும். இரண்டு அங்குலம் நாலைந்து வருடத்தில் ஒன்றேகால் அடி ஆனது இப்படித்தான். அந்த அறுபது அடிக்கு ஆறாவது வீட்டில் இருக்கிறவன் நான்.

அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இது யாரும் போடக்கூடிய கணக்குதான். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக 1 லிட்டர். எங்கள் தெருவில் அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி, மனைகள் நாற்பது, நடுவில் இருபதடி ரோடு, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5,500 சதுர மீட்டர் வரும். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் கொட்டினால் இரண்டே முக்கால் லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி என்றால் இருபத்து மூன்று லாரித் தண்ணீர், ஒரே தெருவில், ஒரு மணி நேரத்தில். மேல் தெருக்களும் மலையும் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை.

இதில் எவ்வளவு ஓடிவரும் என்பது தரையைப் பொறுத்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் இங்கே வேர்க்கடலைக் கொல்லைகள் இருந்தன. உழுத மண்ணில் பெய்த மழையில் பெரும்பங்கு உள்ளேயே இறங்கிவிடும், மிச்சமும் வரப்பு வரப்பாக நின்று நிதானமாகத்தான் வரும். இப்போது மொட்டைமாடி, போர்ட்டிகோ, வாசலுக்கு சிமென்ட் தளம், அதற்கப்புறம் தார் ரோடு. விழுந்ததில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் உடனே ஓடிவருகிறது. அளவு கூடியதைவிட எனக்குப் பயமாக இருப்பது அது வந்துசேருகிற வேகம். முன்பு மணிக்கணக்கில் வந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது பதினைந்து நிமிடத்தில் மொத்தமாக வந்து கால்வாய் வாயில் நிற்கிறது. கால்வாயின் அகலத்தைத் தீர்மானிப்பது அந்தப் பதினைந்து நிமிடம்தான். எவ்வளவு பரப்பு, எவ்வளவு வேகமாகப் பெய்கிறது, அதில் எவ்வளவு ஓடும், இந்த மூன்றையும் பெருக்கித்தான் வடிகாலை வடிவமைக்கிறார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால் எங்கள் கால்வாய் சின்னதே இல்லை. இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நூறு அடிக்கு நாலு அங்குலம் வாட்டம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் மணிக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் தாராளமாகக் கடத்தும். எங்கள் தெருத் தண்ணீரையும் கொண்டுபோய், மேல் தெருத் தண்ணீரையும் கணிசமாகக் கொண்டுபோயிருக்கும். செலவு செய்து கட்டிய நல்ல கால்வாய் அது. கடைசி அறுபதடி வாட்டம் தவறியதால் அது ஒரு நீளமான தொட்டியாக மாறியிருந்தது.

எவ்வளவு பெரிய மழைக்கும் தாங்குகிற மாதிரி எந்த ஊரிலும் தெருக் கால்வாய் கட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு, மிஞ்சினால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிற மழைக்குத்தான் கட்டுவார்கள். அதற்கு மேல் பெய்தால் தண்ணீர் கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றுதான் வடியும். நிற்பதற்கு ஒரு தாழ்வான இடம், ஒரு குளம், ஒரு மைதானம் இருக்க வேண்டும். அது இல்லாத ஊரில் அந்தத் தாழ்வான இடம் யாருடைய வீட்டு ஹாலாகவோ ஆகிவிடுகிறது.

இந்தச் சமயத்தில்தான் அப்பா ஊரிலிருந்து வந்தார். எங்கள் ஊர் ஒடுகத்தூர்ப் பக்கம். எழுபத்தெட்டு வயது, ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சுவரில் இருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்தார், தெருக் கடைசி வரைக்கும் நடந்து போய் வந்தார். வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏரின்னா கோடி இருக்கும். இந்த நகருக்குக் கோடி எங்கடா?"

எங்கள் பக்கத்தில் ஏரியின் கலங்கலைக் கோடி என்றுதான் சொல்வோம். ஏரி நிரம்பி வழிவதை "ஏரி கோடி போவுது" என்பார்கள். கோடி போகிற அன்றைக்கு ஊரே கரையில் நிற்கும், பூ போடுவார்கள், கற்பூரம் ஏற்றுவார்கள், கிடா வெட்டுகிற ஊர்களும் உண்டு. வெறும் சந்தோஷம் மட்டும் அதில் இல்லை. ஏரி வெட்டியவன் எவ்வளவு தண்ணீர் பிடிக்கலாம் என்று யோசிக்கிறபோதே மிஞ்சினால் எந்த வழியாக அனுப்புவது என்றும் யோசித்திருக்கிறான். கரையைவிடக் கொஞ்சம் தாழ்வாகக் கல் அடுக்கி ஒரு வாய் விட்டிருப்பான், அதிலிருந்து ஒரு ஓடை கீழ் ஏரிக்குப் போகும். அந்த ஏரியின் கோடி அதற்குக் கீழே இருக்கிற ஏரிக்கு. கடைசி ஏரியின் கோடி ஆற்றில் சேரும். கோடி அடைபட்டாலும் போதாமல் போனாலும் தண்ணீர் கரையைத்தான் தேடும். 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் பாலாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது மேலே மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்ததால்தான். அந்த வெள்ளத்துக்கு அங்கே நினைவுத்தூண் நிற்கிறது.

அப்பா கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு அந்த மாதம் வேலூரில் நடந்ததைப் பார்த்தால் எல்லாம் ஒரே கதையாகத் தெரிந்தது. கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது, சாமி கும்பிடப் போனவர்கள் தண்ணீரில் நடந்துபோனார்கள். நானூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கோட்டை அது. அகழியைச் சுற்றி நகரம் வளர்ந்து, உபரித் தண்ணீர் வெளியேறுகிற பழைய வழி அடைபட்டுப் போனது, அவ்வளவுதான். கன்சால்பேட்டையிலும் இந்திரா நகரிலும் நிக்கல்சன் கால்வாய் வழிந்து வீடுகளுக்குள் புகுந்தது. நல்ல மழை என்றால் அங்கே இருப்பவர்களுக்கு அது புதிதில்லை, கட்டிலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியே வைத்திருக்கிற வீடுகள் உண்டு. அந்தக் கால்வாயைப் பல பேர் சாக்கடை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நகரத்தின் மழைத்தண்ணீரைப் பாலாற்றுக்குக் கொண்டுபோகிற பெரிய வடிகால் அது, வேலூரின் கோடி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்ட வேண்டும். இரு பக்கமும் நெருக்கிக் கட்டிக் குப்பையைக் கொட்டிக்கொண்டே வந்தோம்.

அதே மாதம் பாலாற்றில் கரை புரண்டு தண்ணீர் போனது. நூறு வருடத்தில் பார்க்காத வெள்ளம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள், பாலத்தின்மேல் நின்று போட்டோ எடுத்தோம். அந்த வெள்ளம் வடிந்து சில வருடம்கூட ஆகவில்லை, போர்வெல்லில் தண்ணீர் இல்லை என்கிற பேச்சு கோடையில் திரும்ப வந்துவிட்டது. வேலூருக்கு மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. நம் மொட்டைமாடியில் விழுகிற தண்ணீரைச் சாக்கடையோடு கலந்து கறுப்பாக்கிப் பாலாற்றில் விட்டுவிட்டு, இன்னொரு ஆற்றுத் தண்ணீரை அவ்வளவு தூரத்திலிருந்து பம்ப் செய்து குடிக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே மனசு வலிக்கிறது.

கலப்பதுதான் பெரிய கேடு. மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் வேறு வேறு. சாக்கடை தினமும் கொஞ்சமாக, ஒரே சீராக ஓடும், அதற்குச் சின்னக் குழாய் போதும், ஆனால் மூடி இருக்க வேண்டும், கடைசியில் சுத்திகரிப்பு நிலையத்தில் போய்ச் சேர வேண்டும். மழைநீர் வருடத்தில் பல மாதம் வராது, வந்தால் ஒரே மணியில் நூறு மடங்காக வரும், அதற்கு அகலமான வழி வேண்டும், அது ஏரிக்கோ ஆற்றுக்கோ நேராகப் போகலாம். இரண்டையும் ஒன்றாக விட்டால் மழை இல்லாத மாதங்களில் கால்வாயில் சாக்கடை தேங்கிக் கொசு முட்டை வைக்கும். மழை வந்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும். எங்கள் தெருவில் அந்த வெள்ளத்துக்கு அப்புறம் இரண்டு பேருக்கு எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் சின்னப் புண்ணோடு நடந்தாலே போதும்.

பாலாற்றுக்கு இந்தப் பாடம் முன்பே தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கால்வாய் கால்வாயாக வந்து ஆற்று மணலுக்கு அடியில் இருந்த தண்ணீரைக் கெடுத்து, அந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டப் படிப்பில் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். கால்வாயில் போடுவது எங்கேயோ போய்விடும் என்று நினைக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதலில் மேஸ்திரி எடுத்த அளவையெல்லாம் ஒரு தாளில் எழுதி, போட்டோ ஒட்டி, இருபத்தாறு வீட்டில் கையெழுத்து வாங்கித் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுத்தோம். "தண்ணி தேங்குகிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் வந்து மண்ணை மட்டும் வாரிவிட்டுப் போயிருப்பார்கள், அதற்கு முன் அப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது. வாரிய சேற்றைக் கால்வாய் ஓரத்திலேயே குவித்துக் காயப்போடுவார்கள், எடுத்துப்போக வண்டி வருவதற்குள் அடுத்த மழை வந்து மொத்தத்தையும் திரும்ப உள்ளே தள்ளிவிடும். இந்த முறை "இந்த இடத்திலிருந்து அறுபது அடி, தளம் இரண்டு அங்குலம் உயரம், குறுக்கே குழாய்" என்று எழுதிக் கொடுத்தோம். இளவயதுப் பொறியாளர் ஒருவர் வந்து தானே அளந்து பார்த்தார். எட்டு மாதம் ஆனது. குழாயை இறக்கினார்கள், அறுபதடியை உடைத்து வாட்டத்தோடு மறுபடி போட்டார்கள். வேலை நடந்த மூன்று நாளும் தெருவில் யாராவது ஒருவர் கூடவே நின்றோம்.

அடுத்தது எங்கள் வீட்டுக் குழாய்கள். இதில் சண்டை வந்தது, சொல்லாமல் மறைக்கப் போவதில்லை. கழிவுநீரை வீட்டுக்குள்ளேயே உறிஞ்சுகுழிக்குத் திருப்ப வேண்டும் என்றதும் பாதிப் பேருக்குக் கோபம். நான் என் வீட்டில் முதலில் செய்தேன். மொட்டைமாடித் தண்ணீரைத் தனியாகப் பிரித்து, ஜல்லியும் மணலும் போட்ட குழிக்கு விட்டேன். தமிழ்நாட்டில் 2003லேயே எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புதான், என் வீட்டிலும் குழாய் இருந்தது, அதன் முனை போய்ச் சேர்ந்த இடம்தான் சிமென்ட் தளமாக இருந்தது. இப்போது பதினேழு வீடுகள் செய்திருக்கின்றன. மிச்சம் இருபத்து மூன்று.

ரோடு போட வந்தபோது இன்னொரு பிரச்சினை. பழைய ரோட்டின்மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டே போனால் வீடுகள் பள்ளமாகிவிடும், கால்வாயின் வாயும் ரோட்டுக்கு ஏற்ற மட்டத்தில் இருக்காது. 2021 மே மாதத்திலேயே அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். சுரண்டிவிட்டுத்தான் போட்டார்கள்.

போன செப்டம்பரில் ஒரு சாயங்காலம், இடியோடு பெரிய மழை. மின்சாரம் போய்விட்டது. ஜாலியிடம் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன், தண்ணீர் வரவில்லை. மனசு கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். கால்வாயில் சலசலவென்று ஓட்டம், சிலாப் இடுக்கு வழியாகவே கேட்டது. தெருக் கடைசியில் மேட்டு இடத்தில் நின்று பார்த்தேன், தண்ணீர் நிற்காமல் திரும்பிப் பெரிய கால்வாயில் விழுந்தது. அங்கிருந்து அதைத் தொடர்ந்தே நடந்தேன். ஹைவே ஓரம் வந்து, சிறுபாலத்துக்குள் புகுந்து, நான் அண்டர்பாஸ் வழியாகச் சுற்றி அந்தப் பக்கம் போவதற்குள் அது எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தது.

நின்றுதான் இருந்தது. அந்தப் பக்கம் கால்வாய் இல்லை. ஒரு காலி இடத்தில், சீமைக் கருவேலத்துக்கு நடுவில், எங்கள் தெருத் தண்ணீரும் பக்கத்து நகர்களின் தண்ணீரும் பரந்து குளமாக நின்றது. அதற்கு அப்பால் பாலாறு இன்னும் தூரம்.

அப்பாவுக்கு போன் போட்டேன்.

"வீட்டுக்குள்ள வரலப்பா இந்தத் தடவ. நல்லா ஓடுது."

"எங்க போய்ச் சேருது?"

"ஹைவே தாண்டி ஒரு காலி இடம். அங்க நிக்குது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அதான்டா உங்க கோடி. அதுல யாரையும் வீடு கட்ட உட்றாதீங்க."

டார்ச்சைத் திருப்பி அடித்துப் பார்த்தேன். தண்ணீருக்கு நடுவில் வரிசையாக மனைக்கல் நட்டிருந்தது, மஞ்சள் பெயின்ட் இன்னும் புதுசாக இருந்தது. மறுநாள் காலையில் போய் எண்ணினேன். முப்பத்தொரு மனை. அடுத்த மனுவை எழுத ஆரம்பித்திருக்கிறோம்.